இரண்டு மணி நேரம் யாருடைய கணக்கு? ஓர் அரை மராத்தான் இலக்கின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு உட்பட்டவன் நானே. 2023 ஜனவரியில் சென்னையில் ஓடிய அரை மராத்தானை இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவேன் என்று வீட்டிலும் அலுவலகத்திலும் சொல்லிவைத்திருந்தேன்; 2 மணி 13 நிமிடம் 54 நொடியில் முடித்தேன். மறு ஆண்டு அதே மாதத்தில், 2 மணி 6 நிமிடம் என்று யாரிடமும் சொல்லாமல் ஓர் இலக்கை வைத்துக்கொண்டு, 2:05:26இல் முடித்தேன். இரண்டு ஓட்டங்களிலும் ஒவ்வொரு ஐந்து கிலோமீட்டருக்கும் ஆன நேரக் கணக்குகளும், இடைப்பட்ட ஓராண்டின் பயிற்சிக் குறிப்புகளும் என்னிடம் இருக்கின்றன. அந்த எட்டரை நிமிட வேறுபாட்டில் உடல் வலுவின் பங்கு எவ்வளவு, இலக்கைக் கணித்த முறையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதே நோக்கம். முழுவதுமாகப் பிரிக்க முடியாவிட்டாலும், முறையின் பங்குதான் பெரிது என்றே தோன்றுகிறது.

முதலில் ஓடியவனின் விவரம். வயது 44, எடை 76 கிலோ, நாற்காலியை விட்டு எழ வாய்ப்பில்லாத வேலை, வேளச்சேரியில் வீடு. ஓடத் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. வாரத்தில் மூன்று நாள் ஓட்டம், கூட்டினால் 28 கிலோமீட்டர் வரும். ஞாயிறு லாங் ரன், அதாவது வாரத்தின் நீண்ட ஓட்டம், பெசன்ட் நகரில் ஷ்மிட் நினைவிடத்தருகே தொடங்கி, அடையாறு திரு.வி.க. பாலம் ஏறி, சாந்தோம் வழியாக மெரினா போய்த் திரும்பும். 2022 டிசம்பர் வரை நான் ஒரே மூச்சில் ஓடிய அதிகபட்சத் தொலைவு 16 கிலோமீட்டர்.

இலக்கு பிறந்த இடம்

அரை மராத்தான் என்பது 21.0975 கிலோமீட்டர். அதை இரண்டு மணி நேரத்தில் முடிக்க ஒவ்வொரு கிலோமீட்டரையும் 5 நிமிடம் 41 நொடியில் கடக்க வேண்டும். ஓட்டக்காரர்கள் இதைப் பேஸ் என்பார்கள். வேகத்துக்கு நேர்மாறாக, எண் குறையக் குறைய ஓட்டம் விரைவு. இந்த 5:41 என்னை வந்தடைந்த விதம் கவனிக்கத்தக்கது. 2022 நவம்பரில் ஒரு காலை நான் ஓடிய 10 கிலோமீட்டருக்குச் செயலி காட்டிய நேரம் 54 நிமிடம் 20 நொடி. அதை இணையத்தில் கிடைக்கும் கணிப்பானில் இட்டேன். அரை மராத்தானுக்கு 1:59:53 என்று விடை வந்தது. ஏழு நொடி மிச்சம்! யாரோ எனக்காகவே கணக்குப் போட்டு வைத்ததைப் போலிருந்தது.

அந்தக் கணிப்பானுக்கு உள்ளே இருப்பது பீட் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1977இல் வெளியிட்ட எளிய சூத்திரம். ஓடப்போகும் தொலைவை ஓடிய தொலைவால் வகுத்து, வரும் எண்ணை 1.06 என்ற அடுக்குக்கு உயர்த்தி, ஓடிய நேரத்தோடு பெருக்கினால் எதிர்பார்க்கும் நேரம் கிடைக்கும். தொலைவு இரட்டித்தால் நேரம் இரண்டு மடங்குக்குச் சற்றே மேலே, ஏறத்தாழ 2.085 மடங்காகும் என்பது அதன் சாரம். 2016இல் ஆண்ட்ரூ விக்கர்ஸ், எமிலி வெர்டோசிக் ஆகியோர் பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களின் நேரங்களை வைத்து இச்சூத்திரத்தைச் சோதித்தபோது, அரை மராத்தான் வரை அது நன்றாகவே பொருந்துவதையும், முழு மராத்தானுக்கு மட்டும் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பத்து நிமிடமோ அதற்கு மேலோ குறைத்துச் சொல்வதையும் கண்டார்கள். ஆகவே சூத்திரத்தின் மீது பழி போட எனக்கு வழியில்லை. கோளாறு நான் இட்ட எண்ணில் இருந்தது.

அந்த 54:20 என்பது மூவிங் டைம். அதாவது நான் நின்ற நேரங்களில் கடிகாரமும் நின்றுவிடும்படி அமைத்திருந்தேன். அடையாறு சிக்னலில் ஒரு தடவை, செருப்புக்கடை வாசலில் ஷூ நாடா கட்ட ஒரு தடவை, இளநீர்க் கடையில் ஒரு தடவை. கடைக்காரர் சீவித் தரும் வரை மூச்சு வாங்கிக்கொண்டு நின்றதை இப்போதும் நினைவுகூர முடிகிறது. பதிவைத் திறந்து பார்த்தால், தொடங்கியதிலிருந்து முடிந்தது வரையிலான நேரம் 58 நிமிடம் 30 நொடி. நான்கு நிமிடம் பத்து நொடி ஓய்வை ஓட்டக் கணக்கிலிருந்து கழித்துவிட்டு, அந்த ஓய்வு தந்த தெம்பை மட்டும் வரவு வைத்துக்கொண்டிருக்கிறேன். இதில் நான் தனியாள் இல்லை என்பது ஓர் ஆறுதல். 2012இல் அமெரிக்கத் துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட பால் ரயன், தாம் இளமையில் மராத்தானை மூன்று மணி நேரத்துக்குள் ஓடியதாக வானொலியில் சொல்லப்போக, ஓட்ட இதழ் ஒன்று பழைய பதிவுகளைத் துருவி, அவர் 1990இல் ஓடியது 4 மணி 1 நிமிடம் 25 நொடி என்று வெளியிட்டது. மனிதர்களின் நினைவிலும் கடிகாரத்தை நிறுத்தும் பொத்தான் ஒன்று இருக்கிறது போலும்.

இரண்டாவது ஈர்ப்பு, எண்ணின் முழுமை. ஏறத்தாழ ஒரு கோடி மராத்தான் நேரங்களை ஆராய்ந்து 2017இல் எரிக் ஆலனும் வேறு மூன்று ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், ஓட்டக்காரர்கள் நான்கு மணி போன்ற முழு எண்களுக்குச் சற்று முன்னால் குவிந்து கிடப்பது தெளிவாகத் தெரிகிறது. 3:59இல் முடிப்பவர்கள் 4:01இல் முடிப்பவர்களைவிட அதிகம். ஒரு மணிக்கு அறுபது நிமிடம் என்று பாபிலோனியர் வழிவந்த கணக்குக்கும் என் தொடைத் தசைக்கும் யாதொரு தொடர்பும் கிடையாது. ஆனாலும் 2:05 என்று மனைவியிடம் சொல்லியிருந்தால் அவர் "அதென்ன அஞ்சு நிமிஷம்?" என்று கேட்டிருப்பார், இரண்டு மணி நேரம் என்றால் விளக்கம் தேவைப்படுவதில்லை. பிறருக்குச் சொல்ல எளிதாக இருக்கிறது என்பதற்காகவே பல இலக்குகள் வைக்கப்படுகின்றன என்று இப்போது நம்புகிறேன்.

2023 ஜனவரி

தொடக்கக் கோட்டில் 2:00 என்று எழுதிய கொடியைத் தூக்கிக்கொண்டு நின்ற பேஸருக்கு, அதாவது அந்த நேரத்தில் முடிக்கும்படி சீராக ஓடி வழிகாட்டுபவருக்கு, பின்னால் நின்றேன். விடிவதற்கு முந்தைய குளிர்ச்சி, மூன்று நாள் ஓய்வெடுத்த கால்கள், சுற்றிலும் ஆட்கள். 5 கிலோமீட்டர் பலகையை 27:50இல் கடந்தேன். கொடியையே முந்தியிருந்தேன், மூச்சும் சீராக இருந்தது. 10 கிலோமீட்டரில் 56:50. திட்டமிட்ட பேஸோடு ஒட்டித்தான் இருந்தேன், ஆனால் பேச்சு நின்றுபோயிருந்தது. 12ஆவது கிலோமீட்டரில் ஒரு வளைவில் கொடி திரும்பியது. நான் வளைவைத் திரும்பியபோது அது கண்ணில் படவில்லை.

15 கிலோமீட்டரில் 1:28:30. அதற்குப் பிறகு நடந்ததை ஓட்டம் என்று சொல்லுவது மரியாதைக்காக. 16ஐத் தாண்டியதும் வலது பின்தொடை சுண்டிப் பிடித்தது. தண்ணீர் தரும் இடத்தில் நின்று, ஒரு பாட்டிலைத் தலையிலும் ஒன்றைத் தொண்டையிலும் கவிழ்த்தேன். அங்கே நின்ற கல்லூரிப் பெண், "அங்கிள், இன்னும் அஞ்சே கிலோமீட்டர்தான்!" என்றாள். அந்த ஏகாரத்தையும் "தான்" என்பதையும் நான் அன்று மன்னிக்கவில்லை. 15க்கும் 20க்கும் இடைப்பட்ட ஐந்து கிலோமீட்டர் 37 நிமிடம் 10 நொடி எடுத்தது, கிலோமீட்டருக்கு 7:26. கடிகாரம் இரண்டு மணி நேரம் காட்டியபோது 20 கிலோமீட்டர் பலகையே இன்னும் முக்கால் கிலோமீட்டர் தொலைவில் இருந்தது.

அடுத்த ஞாயிறு, பெசன்ட் நகரில் ஓட்டம் முடிந்து காபி குடிக்கும் இடத்தில், எங்கள் குழுவின் மூத்தவர் கேட்டார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது 63. கைக்கடிகாரம் இல்லாமல் ஓடுகிறவர். நாங்கள் அவரை அண்ணா என்போம்.

"ரெண்டு மணி நேரம்னு எங்கேர்ந்து எடுத்தீங்க தம்பி?"

கைப்பேசியில் 1:59:53ஐக் காட்டினேன்.

"இது சரி. இந்தப் பத்து கிலோமீட்டரை எங்க ஓடினீங்க? நடுவுல நின்னீங்களா?"

இளநீர் பற்றிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அடுத்த மாசம் கிரவுண்டுல இருபத்தஞ்சு சுத்து ஓடுங்க. நிக்காம. அப்புறம் பேசுவோம்" என்றார்.

கணக்கைத் திருப்பிப் போட்டது

பிப்ரவரியில் 400 மீட்டர் தடத்தில், கைக்கடிகாரத்தின் ஜிபிஎஸ்ஸை அணைத்துவிட்டு, 25 சுற்று முழு மூச்சாக ஓடினேன். 56 நிமிடம் 40 நொடி. இந்த எண்ணில்தான் ஜனவரி ஓட்டத்தின் முழு விளக்கமும் இருக்கிறது. அரை மராத்தானின் முதல் 10 கிலோமீட்டரை நான் 56:50இல் ஓடியிருந்தேன். என்னால் 10 கிலோமீட்டரை எவ்வளவு விரைவாக ஓட முடியுமோ, அதைவிடப் பத்து நொடி மட்டுமே மெதுவாக ஓடிவிட்டு, அதற்குப் பிறகு இன்னும் 11 கிலோமீட்டர் இருக்கிறது என்று எதிர்பார்த்திருக்கிறேன். அந்தக் கொடி ஒன்றும் வேகமாகப் போகவில்லை. அது தன் நேரத்துக்குத்தான் போனது.

56:40ஐச் சூத்திரத்தில் இட்டால் 2:05:02 வருகிறது. 2:05 என்று வைத்துக்கொண்டால் பேஸ் 5:55க்கும் 5:56க்கும் நடுவே. அந்தப் பேஸில் ஓடியிருந்தால் 10 கிலோமீட்டரை 59:15இல் கடந்திருப்பேன். ஆக, முதல் பாதியில் நான் முன்கூட்டியே சேர்த்தது 2 நிமிடம் 25 நொடி. மிச்சமிருந்த 11.0975 கிலோமீட்டருக்கு 65:45 ஆகியிருக்க வேண்டும், 77:04 ஆனது. அங்கே இழந்தது 11 நிமிடம் 19 நொடி. "முதலில் கொஞ்சம் நேரத்தைச் சேமித்து வைத்துக்கொள்வோம்" என்று ஓட்டக்காரர்கள் சொல்லும் சேமிப்புக்கு என் விஷயத்தில் கிடைத்த வட்டி இதுதான்.

ஏன் இவ்வளவு சமமின்மை என்பதற்குக் காரணம் உடலின் எரிபொருள் கணக்கில் இருக்கிறது. ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீட்டர் ஓட்ட ஏறத்தாழ ஒரு கிலோ கலோரி வேண்டும் என்ற பொதுக் கணக்கின்படி, 76 கிலோ எடையுள்ளவனுக்கு இந்தத் தொலைவு 1,600 கிலோ கலோரியைக் கேட்கும். தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பாகச் சேர்ந்திருப்பதும் சுமார் 1,600 முதல் 2,000 வரைதான். மெதுவாக ஓடினால் கொழுப்பும் கணிசமாகப் பங்கெடுத்துக்கொள்ளும். தாங்கும் எல்லையைத் தாண்டி ஓடினால் சுமை கிளைக்கோஜன் மேலேயே விழும், அது முன்னதாகவே வறளும். இதோடு சென்னையின் காற்று. இங்கே ஜனவரி விடியற்காலையிலும் பெரும்பாலும் 21, 22 டிகிரியும் 80 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதமும் இருக்கும். வியர்வை வழிகிறதே தவிர ஆவியாவதில்லை. உடலைக் குளிர்விக்க இரத்தம் தோலுக்குத் திருப்பப்படுவதால், அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. 2007இல் மாத்யூ ஈலியும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு, வெப்பம் கூடக்கூட எல்லோருமே மெதுவானாலும் பின்னால் ஓடுகிறவர்களே அதிகம் மெதுவாகிறார்கள் என்று காட்டியது. குளிர்நாட்டுப் பயிற்சி அட்டவணையை இறக்கிக்கொண்டு, அதிலுள்ள பேஸை அப்படியே மயிலாப்பூரில் ஓடப் பார்க்கும் நம்மவர்கள் இதை ஒரு தடவையாவது எண்ணிப் பார்க்கலாம்.

ஆண் என்பதும் ஒரு காரணமாக இருக்கக்கூடும். 2015இல் ராபர்ட் டீனரும் குழுவினரும் அமெரிக்காவின் 14 மராத்தான்களில் பதிவான 91,929 ஓட்டங்களை ஆராய்ந்தபோது, இரண்டாம் பாதியில் ஆண்கள் சராசரியாக 15.6 சதவீதமும் பெண்கள் 11.7 சதவீதமும் மெதுவானது தெரிந்தது. எங்கள் குழுவில் ஓடும் பெண்கள் மூவரின் ஐந்து கிலோமீட்டர் கணக்குகளை வாங்கிப் பார்த்தேன். மூவருமே என்னைவிடச் சீராக ஓடியிருந்தார்கள். அதில் ஒருவர் 17ஆவது கிலோமீட்டரில் என்னைத் தாண்டிப் போகும்போது நலம் விசாரித்துவிட்டும் போனார்.

சிறிய தவறு ஒன்றும் தென்பட்டது. பந்தயப் பாதைகளை அளப்பவர்கள், ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில், வளைவின் ஓரத்தை ஒட்டி அளந்து, தொலைவு குறைந்துவிடாமல் இருக்க ஆயிரத்தில் ஒரு பங்கு கூட்டியும் வைப்பார்கள். கூட்டத்தில் விலகி விலகி ஓடும் நமக்கு அந்தக் கோடு வாய்ப்பதில்லை; என் கடிகாரம் அன்று காட்டிய மொத்தத் தொலைவு 21.35 கிலோமீட்டர். ஆகவே கடிகாரத்தில் 5:41 காட்டிக்கொண்டே இம்மி பிசகாமல் ஓடியிருந்தாலும் 2:01:20க்குத்தான் முடித்திருப்பேன். இரண்டு மணி நேரத்துக்கு, கடிகாரம் 5:37 காட்டியிருக்க வேண்டும்.

கோடை, மழை, புதிய எண்

மார்ச்சிலிருந்து வாரத்துக்கு நான்கு நாள், மொத்தம் 38 முதல் 40 கிலோமீட்டர் என்று கூட்டினேன். பெரும்பகுதி ஈஸி ரன். பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும் என்பது மட்டுமே விதி. ஜனவரியில் நிமிடத்துக்கு 150 துடிப்பில் 6:40க்கு ஓடிய நான், மே மாத வெப்பத்தில் அதே 150இல் 7:20க்கு ஓடினேன். முந்தைய ஆண்டுகளில் இதைப் பின்னடைவு என்று நினைத்து, கடிகாரத்தைத் துரத்திக் கணுக்காலைக் கெடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கோடையில் பேஸ் பார்க்கும் திரையையே எடுத்துவிட்டு, துடிப்பையும் பேச்சையும் மட்டும் வைத்துக்கொண்டேன்.

நவம்பர் 26 அன்று மறுபடியும் 25 சுற்று: 55 நிமிடம் 50 நொடி. சூத்திரத்தின் விடை 2:03:11. ஒன்பது மாதப் பயிற்சியின் பலன், 10 கிலோமீட்டரில் 50 நொடி. கேட்பதற்கு அற்பம், நாற்பத்தைந்தை நெருங்குகிறவனுக்கு அற்பமில்லை. எனினும் மூன்று நிமிடம்தானே, முயன்றால் இரண்டு மணி நேரத்தையே தொட்டுவிடலாமே என்ற பழைய குரல் அன்று மாலையே கேட்டது என்பதையும் இங்கே பதிய வேண்டும்.

அந்தக் குரலை அடக்கியது என் பக்குவம் அல்ல, மிக்ஜாம் புயல். டிசம்பர் 3, 4 தேதிகளில் பெய்த மழையில் வேளச்சேரி மூழ்கியது. தெருவில் இடுப்பளவு தண்ணீர், மின்சாரம் இல்லை, பிறகு சேறு, துப்புரவு, வாடகைக்கு மோட்டார் தேடல். பன்னிரண்டு நாள் ஓடவில்லை. திட்டத்தில் இருந்த 18, 19 கிலோமீட்டர் லாங் ரன்கள் நான்கில் இரண்டு போயின. 10 கிலோமீட்டர் நேரம் ஒருவனின் வேகத்தைச் சொல்லும். அந்த வேகத்தை 21 கிலோமீட்டர் வரை இழுத்துச் செல்லும் தாக்குப்பிடிப்பு லாங் ரன்னில் வருவது. சூத்திரம் இரண்டாவது இருக்கிறது என்று எடுத்துக்கொண்டே முதலாவதைப் பெருக்குகிறது. எனக்கு அந்தத் தாக்குப்பிடிப்பு முழுமையாக இல்லாததால் மூன்று நிமிடம் கூட்டி 2:06 என்று வைத்தேன்: பேஸ் 5:58, கடிகாரத்தில் 5:54. மூன்று நிமிடம் என்பதற்குச் சூத்திரம் எதுவும் இல்லை. அது என் மதிப்பீடு. அது தவறினாலும் கைவிட்டுப் போகாதபடி 2:08 என்று கீழே இன்னொரு கோடும், அதற்கும் கீழே, கடைசி ஐந்து கிலோமீட்டர் முதல் ஐந்தைவிட மெதுவாக இருக்கக் கூடாது என்ற நிபந்தனையும் போட்டுக்கொண்டேன். கடைசியாகச் சொன்னதுதான் உண்மையில் என்னை நடத்தியது.

2024 ஜனவரி

முதல் 5 கிலோமீட்டர், 30:10. என் அலுவலக நண்பர் உட்பட நூற்றுக்கணக்கானோர் தாண்டிப் போனார்கள், கொடிகள் போயின. இந்த அரைமணி நேரம்தான் முழு ஓட்டத்திலும் கடினமானது, கால்களுக்கு வேலையே இல்லாதபோதிலும். 10 கிலோமீட்டரில் சரியாக ஒரு மணி நேரம். 14ஐத் தாண்டியதும் நான் மற்றவர்களைத் தாண்டத் தொடங்கினேன், வேகத்தைக் கூட்டியதால் அல்ல, அவர்கள் குறைந்ததால். 15இல் 1:29:40, முந்தைய ஆண்டைவிட ஒரு நிமிடம் பத்து நொடி பின்தங்கியே இருந்தேன். 20இல் 1:59:10. கடிகாரம் இரண்டு மணி நேரத்தைத் தொட்டபோது அந்தப் பலகையைத் தாண்டி ஏறத்தாழ 150 மீட்டர் போயிருந்தேன். மிச்சத்தை 5:43 பேஸில் ஓடி 2:05:26.

கடைசி ஒரு கிலோமீட்டரில் அவ்வளவு தெம்பு இருந்தது என்றால், இலக்கு தளர்வாக வைக்கப்பட்டதா என்று கேட்கலாம். ஆம், ஓரளவு. 2:04 கிடைத்திருக்கும் என்றே கருதுகிறேன். ஆனால் இரு பக்கத் தவறுகளுக்கும் ஒரே விலை இல்லை. கிலோமீட்டருக்குப் பத்து நொடி மெதுவாகப் போனால் முழுத் தொலைவிலும் இழப்பது அதிகபட்சம் மூன்றரை நிமிடம், அதிலும் ஒரு பகுதியைக் கடைசியில் மீட்கலாம். முந்தைய ஆண்டு முதல் 10 கிலோமீட்டரை, கிலோமீட்டருக்குப் பதினான்கு நொடி விரைவாக ஓடியதற்கு நான் கொடுத்தது ஒன்பது நிமிடம், அதோடு இரண்டு வாரம் படியிறங்க முடியாத தொடை. 10 கிலோமீட்டரில் மேம்பட்ட 50 நொடியைச் சூத்திரப்படி பார்த்தால் அரை மராத்தானுக்கு 1 நிமிடம் 51 நொடி ஆகிறது. எட்டரை நிமிடத்தில் உடலின் வேகம் கூடியதன் பங்கு அவ்வளவே. பாக்கி ஆறரை நிமிடத்துக்கு மேல் பயிற்சியின் தாக்குப்பிடிப்பும் பேஸ் தேர்வும் சேர்ந்து கொடுத்தவை; அவ்விரண்டையும் தனித்தனியே பிரிக்க ஒரே ஒருவனின் இரண்டு ஓட்டங்கள் போதாது.

அடுத்த ஞாயிறு அதே காபிக் கடையில் அண்ணா நேரத்தைக் கேட்டார், சொன்னேன். "அடுத்த வருஷம் எவ்வளவு?" என்றார்.

"கிரவுண்டுல இருபத்தஞ்சு சுத்து ஓடிட்டுச் சொல்றேன் அண்ணா."